பேர் சொல்லிக் கூப்பிட்ட வேட்பாளர்

போன வாரம் உங்களில் ஒரு பெண் என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டாள். தான் மாதக்கணக்கில் தேடித் தேடிப் போய் மாத்திரை கொடுத்துவந்த நோயாளி அம்மாள் ஒருத்தி, பஸ்ஸில் பக்கத்து ஸீட்டிலேயே உட்கார்ந்திருந்தும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். "நன்றி கெட்ட ஜனங்க சார்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வயதானவன் கோபப்பட்டால் யார் மதிக்கிறார்கள்? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தொழுநோய் வேலைக்கு நான் வந்தது அறுபதுகளில். தருமபுரி தனி மாவட்டமாகி அதிக நாள் ஆகவில்லை. எங்களுடையது ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி. அதை நடத்தியவரைப் பெரிய டாக்டர் என்போம். பேர் வேண்டாம். அவர் இருந்தால் அவரே வேண்டாம் என்றிருப்பார். சுற்று வட்டாரத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. மெட்ராஸில் படித்துவிட்டு, மற்ற டாக்டர்கள் எட்டிக்கூடப் பார்க்காத இந்த வியாதியைப் பிடித்துக்கொண்டு ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். அவரைப் பெற்ற தாய்கூட அதற்காக அவரிடம் ரொம்ப நாள் பேசவில்லை.

வேலையில் சேர்ந்த அன்றே அவர் எனக்குச் சொன்ன விதி ஒன்று உண்டு. நோயாளியை வெளியில் பார்த்தால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. சந்தையிலோ, கல்யாண வீட்டிலோ, பஸ் ஸ்டாண்டிலோ அவராக வாயைத் திறந்து பேசினால் ஒழிய அவர் யாரோ, நாம் யாரோ. ஏனென்றால் நம் முகம் ஊருக்குத் தெரியும். குஷ்டரோக ஆஸ்பத்திரிக்காரன் ஒருவனைப் பார்த்துச் சிரித்தால் அவனுக்கு என்ன வியாதி என்று ஊர் கணக்குப் போட்டுவிடும். நான் கத்தோலிக்கன். கோயிலில் எனக்கு முன்னால் முழங்காலில் நிற்கும் ஒருவருக்குக் கையில் எந்த இடத்தில் உணர்ச்சி இல்லை என்பது எனக்குத் தெரியும். பூசை முடிந்து வெளியே வந்தால் அவர் கிழக்கே, நான் மேற்கே.

சைக்கிளுக்கும் அதே கதைதான். எங்கள் சைக்கிள் ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். அதனால் ஒரு வீட்டைப் பார்க்க வேண்டியிருந்தால் அந்தத் தெரு முழுவதையும் பார்ப்போம். பத்து வீட்டில் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்துவிட்டுத்தான் பதினோராவதாக நாங்கள் தேடி வந்த வீட்டுக்குள் நுழைவோம். கால் வலிக்கத்தான் செய்யும். அந்த வலி நமக்குச் சம்பளத்தில் அடக்கம் என்பார் டாக்டர்.

இப்படிப்பட்ட மனிதர் எலெக்‌ஷனில் நின்றார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எழுபதுகளில் ஒரு தேர்தல். அதற்கு முந்தின வருஷம், பென்னாகரம் ரோட்டில் ஒரு கிழவியைக் கண்டக்டர் விசில் அடித்து நடுவழியில் இறக்கிவிட்டான். வியாதி சுத்தமாகக் குணமானவள். ஆனால் மடங்கிப்போன விரல்கள் மடங்கினதுதானே, அது யார் கண்ணுக்கும் தெரியுமே. வெயிலில் நடந்து வந்து எங்கள் வாசலில் விழுந்தாள். டாக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு தருமபுரிக்குப் போய் ஓர் அதிகாரியைப் பார்த்தார். அவர் நல்ல மாதிரிதான். உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். "கண்டக்டர் மேல தப்பு இல்லீங்க டாக்டர். ரூல்ஸ் அப்படி இருக்குது. மாத்தணும்னா சட்டசபையிலதான் மாத்தணும்" என்றார்.

ஜீப்பில் திரும்பி வந்தோம். ஆஸ்பத்திரி கேட் தெரிகிற இடத்தில் டாக்டர் கேட்டார். "அருளப்பா, சட்டசபைக்கு எப்பிடிப் போறது?"

"மொரப்பூர் போயி மெட்ராஸுக்கு ரயில் ஏறணுங்க" என்றேன்.

அவர் என்னை முறைத்த முறையில்தான் விஷயம் எனக்கு உறைத்தது.

எந்தக் கட்சியிலும் சேராமல் சுயேச்சையாக நின்றார். சர்க்கார் உத்தியோகம் இல்லை என்பதால் தடையில்லை. ஆஸ்பத்திரியைச் சின்ன டாக்டரிடம் விட்டுவிட்டு அவர் லீவு போட்டார். நானும் போட்டேன். உர வியாபாரி கோவிந்தசாமி எங்களுக்குத் தேர்தல் வேலை தெரிந்த ஒரே ஆள்; முன்பு ஒரு கட்சியில் இருந்து சலித்து வந்தவர். சின்னம் ஒதுக்கினார்கள். என்ன சின்னம் தெரியுமா? சைக்கிள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் சைக்கிளைக் கண்டாலே கதவை மூடுகிற ஊரில் சைக்கிள் படத்தைச் சுவரில் எழுதி ஓட்டுக் கேட்டால் எப்படி இருக்கும்?

நினைத்தது போலத்தான் நடந்தது. முதல் வாரம் ஊர் ஊராகப் போனோம். மரியாதைக்குக் குறைவில்லை. சோடா உடைத்துக் கொடுத்தார்கள், மாலை போட்டார்கள். எல்லாம் ஊர் மந்தையில், கோயில் வாசலில், பொது இடத்தில். தெருவுக்குள் நுழைந்தால் கதவு ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். டாக்டரிடம் வைத்தியம் பார்த்துக் குணமானவர்கள் தொகுதி முழுக்க இருந்தார்கள். அதில் ஒருத்தர்கூட முன்னால் வந்து இவர் என்னைக் காப்பாற்றினார் என்று சொல்ல முடியாது. இப்படி ஒரு வேட்பாளரை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா?

கோவிந்தசாமிக்குப் பொறுக்கவில்லை. "டாக்டருங்க, நீங்க சந்தையில எங்கியோ பாத்துக்கிட்டு நடக்கறீங்க. ஓட்டுக் கேக்கறவன் அப்பிடி நடந்தா ஆவுமா? கும்புடணும். கண்ணப் பாக்கணும். பேர் சொல்லிக் கூப்பிடணும். சனங்க அதுக்குத்தான் ஏங்கறாங்க."

"எனக்கு அது வராதுங்க கோவிந்தசாமி."

"வர வெக்கணுங்க."

வந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

கம்பைநல்லூர்ச் சந்தை நாள். ஜீப்பின் மேல்துணியைக் கழற்றிவிட்டு டாக்டரை நிறுத்தியிருந்தோம். மேளம் முன்னால் போகிறது, மைக்கில் ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான். புளி விற்க வந்தவர்கள், மாடு பிடித்து வந்தவர்கள், கைக்குழந்தையோடு நின்ற பெண்கள் எல்லாரும் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எத்தனை வருஷமாய் அதே சந்தையில் தலை நிமிராமல் நடந்த மனிதர் அவர். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தேன். பண்டிகைக்குப் புதுச்சட்டை போட்ட குழந்தை மாதிரி இருந்தது. பாவம், அவரும் மனுஷர்தானே.

கடைவீதி முனையில் ஒரு டீக்கடை. நடத்தியவரை மாதப்பன் என்று வைத்துக்கொள்வோம். பேரை மாற்றித்தான் சொல்கிறேன். அது டீக்கடைதானா என்றும் கேட்காதீர்கள். மாதப்பனுக்கு முதுகில் ஒரு தேமல். சம்சாரம் முதுகு தேய்த்துவிடும்போது கண்டுபிடித்து அனுப்பியது. அவருடைய வகை யாருக்கும் ஒட்டாத வகை, மாத்திரையும் முடிகிற கட்டத்தில் இருந்தது. வெல்லம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கோ ஒரு கிராமத்தில் நாங்கள் மரத்தடியில் நடத்துகிற கிளினிக்குக்கு வருவார். கையில் காலில் ஒரு வடு கிடையாது. ஊரில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

ஜீப் கடைக்கு நேராக வந்தது. மாதப்பன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தில் டாக்டருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முகம். சந்தோஷத்தில் விதி, கிதி எல்லாம் மறந்துபோயிற்று. இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, வாய் நிறையச் சிரித்துக் கேட்டார்.

"மாதப்பா, ஒடம்பு இப்ப எப்பிடி இருக்குது?"

மைக் பக்கத்தில்தான் இருந்தது. சந்தை முழுக்கக் கேட்டது.

மாதப்பனுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் மாதப்பன் முகத்தைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். ஜீப் நகர்ந்துவிட்டது. டாக்டருக்கு அடுத்த கடை தாண்டியதும்தான் தான் என்ன செய்தோம் என்று புரிந்தது. ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று கோவிந்தசாமி விசிறினார்.

மறுநாள் சாயங்காலம் மாதப்பனின் சம்சாரம் கண்ணம்மா விறகு பொறுக்க வருகிற சாக்கில் ஆற்றோரத்துத் தடத்துக்கு வந்து எங்களை மடக்கினாள். டாக்டரும் நானும் மட்டும்தான் இருந்தோம். அந்த அம்மாள் அழுதுகொண்டு வரவில்லை. அழுதிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்.

"கடையில ஈ ஆடலீங்க. பால் ஊத்தறவன் வாசல்லயே நின்னுக்கிட்டு ஏனத்த நீட்டுங்கறான். மாப்பிள்ள வூட்டுல இருந்து சொல்லி அனுப்பிட்டாங்க, ஊருக்குள்ள என்னமோ பேச்சு இருக்குதாமே, வெசாரிச்சிட்டு அப்பறம் நாள் குறிக்கலாம்னு. செல்விக்கு இன்னும் தெரியாதுங்க. அது பாட்டுக்குச் சேலக்கி ஓரம் அடிச்சிக்கிட்டு உக்காந்திருக்குது."

செல்வி அவர்களுடைய ஒரே மகள். பாலக்கோட்டுப் பக்கம் நிச்சயமாகியிருந்தது.

கண்ணம்மா அதோடு நிறுத்தவில்லை. "அவரு உங்களத் திட்டலீங்க. டாக்டரு மனசு அறிஞ்சி செஞ்சிருக்க மாட்டாருன்னுதான் சொல்றாரு. ஆனா நான் கேக்கறன். மாத்திர குடுத்து எங்களக் காப்பாத்தினீங்க. நீங்களே இப்பிடிப் பண்ணிட்டீங்களே."

விறகுக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கோவிந்தசாமி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். விஷயத்தை மறைக்க முடியவில்லை. எதற்காக டாக்டர் இப்படி இடிந்துபோயிருக்கிறார் என்று அவர் கேட்கத்தான் செய்வார். வேறு யாருக்கும் சொல்வதில்லை என்று கோயில் பக்கம் கைகாட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னோம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் தேர்தல் புத்தி. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"டாக்டருங்க, நடந்தது நடந்துபோச்சி. தலக்கி மேல வெள்ளம் போயிட்டா சாண் என்ன, மொழம் என்ன? அந்த மாதப்பனயே மேடையில ஏத்துவோம். ஆமா, எனக்கு இருந்துச்சி, இவருதான் கொணமாக்குனாருன்னு அவரே சொல்லட்டும். சனம் கண்ணுல தண்ணி வுட்டுடும். எலெக்‌ஷன் முடிஞ்சிச்சி."

டாக்டர் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. அன்றைக்குப் பார்த்தேன். "அவன் முதுக எங்கிட்டக் காட்டினான். ஊருக்குக் காட்டல" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வேறு வழி என்ன இருந்தது, நீங்களே சொல்லுங்கள். மாதப்பனுக்கு அந்த வியாதி இல்லை என்று போய்ச் சொல்லலாமா? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். பேசாமல் இருந்துவிடலாமா? பேசாமல் இருந்தால் ஆமாம் என்று அர்த்தம். இது ஒட்டாத வகை ஐயா என்று சந்தையில் நின்று பாடம் எடுக்கலாமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. கோவிந்தசாமி மேல் எரிச்சல், சைக்கிள் சின்னத்தின் மேல் எரிச்சல், எல்லாவற்றுக்கும் மேலாக இந்த மனிதர் அன்றைக்கு அப்படிச் சிரித்தாரே, அதன் மேல் எரிச்சல். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுங்க. கம்பைநல்லூர்ல இருக்கற ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒடம்பு எப்பிடி இருக்குதுன்னு கேட்டாத்தான் உண்டு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொன்ன?"

"கோவத்துல சொன்னன், வுடுங்க."

"இல்ல அருளப்பா. ஒரு வூட்டப் பாக்கணும்னா தெருவையே பாக்கறம் இல்ல? அதையே செய்வோம்."

கோவிந்தசாமி பதறிப்போனார். அவர் பதறியதில் நியாயம் இருந்தது. பிரச்சாரத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் மிச்சம். மேற்கே மலையோரத்து ஊர்கள் அத்தனையும் போகாமல் கிடந்தன. அங்கேதான் எங்களுக்கு ஓட்டு. டாக்டரின் சொந்த பந்தமும் அங்கேதான். கம்பைநல்லூர்க் கடைவீதி ஏற்கெனவே எதிராளி கையில் இருந்தது. "அந்த ஊர்ல தலைகீழா நின்னாலும் நமக்கு ஓட்டு இல்லீங்க. போறதே வீண்" என்றார்.

நானும் கேட்டேன். இதை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். "நீங்க ஜெயிச்சிப் போனா எத்தன ஆயிரம் பேருக்கு நல்லது நடக்கும். ஒரு கடைக்காக அதத் தொலைக்கலாமுங்களா?"

கோவிந்தசாமி சம்சாரம் கொண்டுவந்து வைத்த மோரைக் குடித்து முடித்துவிட்டு டாக்டர் சொன்னார். "எல்லாருக்கும் சட்டம் பண்ணப் போறன்னு ஒருத்தன் வூட்ட இடிச்சிட்டுப் போனா, நாளைக்கி எவன் எங்கிட்ட வந்து சட்டையக் கழட்டுவான்? சட்டம் வரும்போது வரட்டும். நம்மள நம்பி வர்றவங்க நின்னுபோயிட்டா, அப்பறம் வியாதிதான் அருளப்பா ஜெயிக்கும்."

மறுநாள் காலையிலேயே ஜீப் இல்லாமல், மேளம் இல்லாமல் கம்பைநல்லூரில் இறங்கினோம். வருஷக்கணக்காய் வீடு வீடாகக் கணக்கெடுத்தவன் நான். அந்த ஊரில் எனக்குத் தெரியாத பேர் இல்லை. டாக்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நடந்து காதில் ஓதினேன். "எண்ணெய்க்கடை, பொன்னுசாமி. பக்கத்துல நிக்கறது அவரு மச்சான் சின்னராசு." டாக்டர் கும்பிடுவார். "பொன்னுசாமி, ஒடம்பு எப்பிடி இருக்குது? சின்னராசு, உனக்கு எப்பிடி?"

பொன்னுசாமி வெளிறிப்போய் இரண்டு பக்கமும் பார்த்தார். "எனக்கு என்னாங்க? நான் நல்லாத்தான் இருக்கறன்" என்று தேவையில்லாமல் சத்தம் போட்டுச் சொன்னார். அடகுக்கடைக்காரர் எங்களைக் கண்டதும் உள்ளே ஓடிவிட்டார். டாக்டர் விடவில்லை, கல்லாவுக்கு முன்னால் நின்று பேர் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். அவர் வெளியே வந்து, "அஜீரணந்தானுங்க, வேற ஒண்ணும் இல்ல" என்றார். பூக்கடை, ஜவுளிக்கடை, லாடம் கட்டுகிறவர், முடி வெட்டுகிறவர், வெட்டிக்கொண்டிருந்த தலைக்குச் சொந்தக்காரர், ஒருவர் பாக்கியில்லை. எல்லாரிடமும் அதே கேள்வி, அதே சிரிப்பு. டீக்கடை எத்தனை உண்டோ அத்தனையிலும் உட்கார்ந்து டீ குடித்தோம். எனக்கு நெஞ்செரிச்சல் வந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் கடைவீதிக்கு விளையாட்டுப் பிடிபட்டுவிட்டது. எதிரில் வருகிறவனை நிறுத்தி, "மாப்ள, ஒடம்பு எப்பிடி இருக்குது?" என்று டாக்டர் குரலிலேயே கேட்டு ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணினார்கள். எதிர்க்கட்சிக்கு அந்த ஊரில் எல்லாமாக இருந்த மனிதர் ஒருவர் உண்டு, பெரிய மீசை. டாக்டர் அவரிடமே போய் அவர் பேரைச் சொல்லிக் கேட்டார். அவர் ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார். பிறகு வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கினார். "நீங்களாச்சும் கேட்டீங்களே. ரெண்டு வருசமா இந்த முட்டி வலி உசுர வாங்குதுங்க டாக்டரு" என்றார். டாக்டர் நடுத்தெருவில் உட்கார்ந்து அந்த முட்டியை அமுக்கிப் பார்த்தார். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

மாதப்பன் கடைக்கு நாங்கள் முதலிலும் போகவில்லை, கடைசியிலும் போகவில்லை. வரிசையில் எங்கே வந்ததோ அங்கே போனோம். பின்னால் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார்கள். மாதப்பன் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மாதப்பா, ஒடம்பு எப்பிடி இருக்குது?"

அதே குரல், அதே சிரிப்பு. முந்தின கடையில் எவ்வளவோ அவ்வளவேதான். ஒரு சொட்டு கூடவில்லை. மாதப்பன் டாக்டரைப் பார்த்தார். பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். கெட்டிக்காரர், புரிந்துகொண்டார்.

"இடுப்புதாங்க டாக்டரு. நின்னு நின்னு டீ ஆத்தறன் இல்ல, வுட்டுப்போவுது."

"உக்காந்து ஆத்து."

"உக்காந்து ஆத்தினா நுர வராதுங்களே."

கூட்டம் சிரித்தது. டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தார். சர்க்கரை தூக்கல் என்று குறை சொன்னார். மீசைக்காரரும் முட்டியைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து தனக்கும் ஒன்று போடச் சொன்னார். அவர் குடித்ததைப் பார்த்து இன்னும் நாலு பேர் உட்கார்ந்தார்கள். நாங்கள் எழுந்து அடுத்த கடைக்குப் போனோம்.

ஒருநாளோடு விட்டிருந்தால் ஊருக்குச் சந்தேகம் மிச்சம் இருந்திருக்கும். பிரச்சாரம் முடிகிற வரை டாக்டர் அந்தக் கடைவீதியையும் அதை ஒட்டின தெருக்களையும் விட்டு நகரவில்லை. ஓட்டுக்கு வந்தவன் யாரைத்தான் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டான் என்று ஊர் தானாகவே சொல்ல ஆரம்பித்தது. அந்தப் பேச்சு பாலக்கோடு வரைக்கும் போயிருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் விசாரிக்க வந்த அன்று அவர்களையும் டாக்டர் வழிமறித்து ஒடம்பு எப்பிடி என்று கேட்டுவிட்டார். அவர்கள் சிரித்துக்கொண்டே போனதை நானே பார்த்தேன்.

தோற்றுப்போனோம். தருமபுரியில் ஓட்டு எண்ணினார்கள். மலையோரத்துப் பெட்டிகளைத் திறக்கத் திறக்கக் கோவிந்தசாமி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "எங்க பக்கம் எட்டியே பாக்கலியே, நாங்க எதுக்கு ஓட்டுப் போடணும்?" என்று அங்கே சொன்னார்களாம். போயிருந்தால் ஜெயித்திருப்போமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஜெயித்திருக்கலாம். பஸ் ரூல்ஸ் அதற்கப்புறமும் ரொம்ப காலம் அப்படியே இருந்தது. எத்தனையோ பேரை நடுரோட்டில் இறக்கிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த மலையோரத்து ஊர்கள் ஞாபகம் வந்து வயிறு எரியும். டாக்டருக்கும் எரிந்திருக்கும். அவர் சொன்னதில்லை. எண்ணிக்கை முடிந்த மறுநாள் கிளினிக்குக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போல ஒருவரின் கையைப் பிடித்துக் கோழி இறகால் தடவி, தெரியுதா, தெரியுதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வைகாசியில் செல்விக்குக் கல்யாணம். மாதப்பன் கடைவீதி முழுவதற்கும் பத்திரிகை வைத்தார். மீசைக்காரருக்கு வைத்தார். கோவிந்தசாமிக்கும் வைத்தார். எங்கள் ஆஸ்பத்திரி பக்கம் யாரும் வரவில்லை. கோவிந்தசாமிக்கு மனசு ஆறவில்லை. "உங்கள ஒரு வார்த்த கூப்பிடலியே அந்த ஆளு" என்று டாக்டரிடம் வந்து நொந்துகொண்டார்.

"கூப்பிட்டாத்தானுங்க தப்பு" என்றார் டாக்டர்.

கல்யாணத்தன்று எங்களுக்கு அந்த வழியாகக் கிளினிக்குக்குப் போகிற முறை. ஜீப்பில் டாக்டர் முன்னால், நான் பின்னால். ஓட்டியவன் ரங்கன், வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவன். கடைவீதி திரும்பியதும் நாதஸ்வரம் கேட்டது. பந்தலைத் தெருவை அடைத்துப் போட்டிருந்ததால் வண்டி ஊர்ந்துதான் போக வேண்டியிருந்தது. வாசலில் மாதப்பன் பட்டுவேட்டியோடு நின்று, வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவர் ஜீப்பைப் பார்த்துவிட்டார். அவர் கை லேசாக எழுந்தது. டாக்டர் சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பி, மூடிக்கிடந்த ஒரு கடையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பிக்கொண்டேன்.

ஜீப் ஊர் எல்லையைத் தாண்டியது. அப்புறம்தான் டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"அருளப்பா, பொண்ணு மாப்பிள்ளையப் பாத்தியா?"

"இல்லீங்க. நீங்க?"

"எங்க பாக்கறது."

ரங்கனுக்கு எங்கள் விதியெல்லாம் இன்னும் பழகவில்லை. "நான் பாத்தனுங்க" என்றான். "மணமேடை வாசலுக்கு நேராத்தான இருந்திச்சி. மாப்பிள்ள வாட்டசாட்டமா இருக்கறாருங்க. பொண்ணு அரக்குச் சேல. தலயக் குனிஞ்சிக்கிட்டுத்தான் இருந்திச்சி, ஆனா சிரிப்ப அடக்க முடியல போல, தோள் குலுங்கிச்சிங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"மெதுவா ஓட்டு ரங்கா" என்றார். "ஓட்டிக்கிட்டே இன்னொரு தரம் சொல்லு."